மனு கொடுத்தவர் மனு வாங்கும் நாள்

இந்தியாவில் பாலினச் சிறுபான்மையினர் இன்று பெற்றிருக்கும் உரிமைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை நீதிமன்றப் படியேறிப் பெற்றவை என்பதும், மக்கள் வாக்களித்து அமைத்த அவைகள் தாமாக முன்வந்து தந்தவை மிகச் சில என்பதும் தெரியவரும். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது முதல் காவல் துறையில் வேலை பெறுவது வரை, திருமணப் பதிவு முதல் பெற்றோரின் வீட்டுக் காவலிலிருந்து துணையை மீட்பது வரை, ஒவ்வொரு படியிலும் அவர்கள் மனுதாரர்களாகவே நின்றிருக்கிறார்கள். திங்கள்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவர்கள் அவர்களே. மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்து மனுவைப் பெற்றுக்கொள்ளும் இடத்துக்கு அவர்களில் ஒருவர் வந்துசேரும்போது சமவுரிமைப் போராட்டத்தில் என்ன மாறுகிறது என்ற கேள்வி, ஆந்திரத்தின் தென் விளிம்பில், தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் புழங்கும் தடா, சூலூர்ப்பேட்டை, சத்தியவேடு, நகரி பகுதிகளில் வாழ்வோருக்கும் தொலைவான கேள்வி அன்று.

கேள்விக்குள் செல்லும் முன் சில சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஓர் ஆண் ஆணிடமோ, ஒரு பெண் பெண்ணிடமோ இயல்பாகக் கொள்ளும் ஈர்ப்பு தன்பாலீர்ப்பு எனப்படுகிறது. பிறப்பின்போது குறிக்கப்பட்ட பாலினத்துக்கும் தாம் உணரும் பாலினத்துக்கும் இடையே வேறுபாடு உள்ளவர்கள் திருநங்கைகள், திருநம்பிகள் என அழைக்கப்படுகிறார்கள். இவர்கள் அனைவரையும் ஒருங்கே குறிக்கப் பால்புதுமையர் என்ற சொல் இப்போது வழக்கில் உள்ளது. சென்னை உயர் நீதிமன்றத்தின் வலியுறுத்தலையடுத்துத் தமிழ்நாடு அரசு 2022-இல் இத்தகைய சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. ஈர்ப்பு என்பது வேறு, பாலின அடையாளம் என்பது வேறு என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால்தான், இந்திய அரசியலில் திருநங்கையர் அடைந்த இடத்தைத் தன்பாலீர்ப்பாளர்கள் ஏன் இன்னும் அடையவில்லை என்பதைப் புரிந்துகொள்ள முடியும்.

நீதிமன்றம் திறந்த கதவும் அவை மூடிய கதவும்

ஆங்கிலேயர் 1860-இல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு, இசைவுடன் கூடும் வயதுவந்தோரின் தன்பாலுறவையும் குற்றமாக்கியது. டெல்லி உயர் நீதிமன்றம் 2009 ஜூலை 2 அன்று அப்பிரிவின் வீச்சைக் குறைத்தது. உச்ச நீதிமன்றம் 2013 டிசம்பர் 11 அன்று அத்தீர்ப்பை நீக்கி, சட்டத்தை மாற்ற வேண்டுமானால் அதை நாடாளுமன்றம் செய்யட்டும் என்றது. நாடாளுமன்றம் செய்தது என்ன என்பது பதிவில் உள்ளது. 2015 டிசம்பர் 18 அன்று சசி தரூர் 377-வது பிரிவைத் திருத்தும் தனிநபர் மசோதாவை, அதாவது அமைச்சரல்லாத உறுப்பினர் தம் பெயரில் கொண்டுவரும் சட்ட முன்வடிவை, மக்களவையில் அறிமுகப்படுத்த முயன்றபோது, அறிமுகத்துக்கே எதிராக 71 பேரும் ஆதரவாக 24 பேரும் வாக்களித்தனர். விவாதித்துத் தோற்கும் வாய்ப்புகூட அந்த மசோதாவுக்குக் கிட்டவில்லை. ஆகவே வழக்கு மீண்டும் நீதிமன்றத்துக்கே சென்று, 2018 செப்டம்பர் 6 அன்று ஐவர் அமர்வின் தீர்ப்பால் அந்தக் குற்றப்பழி நீங்கியது.

திருநங்கையர் உரிமையிலும் இதே வரிசையைக் காணலாம். 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், தம் பாலினத்தைத் தாமே அறிவித்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று தீர்ப்பளித்து, அவர்களைச் சமூக, கல்வி நிலைகளில் பின்தங்கிய வகுப்பாகக் கருதி இடஒதுக்கீடு வழங்குமாறு அரசுகளைப் பணித்தது. அதைச் சட்டமாக்க முனைந்த தமிழர் ஒருவரின் முயற்சி இங்கு நினைவுகூரத்தக்கது. திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை மாநிலங்களவை 2015 ஏப்ரல் 24 அன்று நிறைவேற்றியது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அந்த அவையில் நிறைவேறிய முதல் தனிநபர் மசோதா அதுவே. தேசிய ஆணையம், தனி நீதிமன்றங்கள், வேலைவாய்ப்பில் ஒதுக்கீடு ஆகியவற்றை உள்ளடக்கியிருந்த அம்மசோதா, மக்களவையில் நிறைவேறாமலே போயிற்று. அதற்கு மாற்றாக அரசு கொண்டுவந்து 2019-இல் நிறைவேறிய சட்டம் ஆணையத்தையும் ஒதுக்கீட்டையும் கைவிட்டது. திருநங்கையர் மீதான பாலியல் கொடுமைக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரையிலான சிறைத்தண்டனையை மட்டுமே வகுத்தது. பெண்ணுக்கு எதிரான பாலியல் வன்கொடுமைக்குக் குறைந்தது 10 ஆண்டு தண்டனை உள்ள நாட்டில், இந்த இரண்டு எண்களும் ஒரே அவையின் ஒப்புதலைப் பெற்றிருந்தன. அன்று இரு அவைகளிலும் திருநங்கை உறுப்பினர் ஒருவரும் இல்லை. பரிவுள்ள நண்பர்கள் அவையில் இருந்தார்கள், அவர்கள் உழைத்தார்கள். ஆயினும் அந்த எண்ணைப் படித்தவுடன் அது தன் உடலுக்கு இடப்பட்ட விலை என்று எழுந்து சொல்லக்கூடியவர் அங்கே இல்லை.

பதினொரு மாதப் பதவி

பதவியில் அமர்ந்த ஒருவரால் எவ்வளவு மாற முடியும் என்பதை ஆராய்பவர்கள் அமெரிக்காவின் ஹார்வி மில்க்கை முதலில் சுட்டுவது வழக்கம். தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டு தேர்தலில் வென்றவர்களில் அவர் முதலாமவர் அல்லர். 1974-இலேயே ஆன் ஆர்பர் நகர மன்றத்துக்குக் கேத்தி கோசாசென்கோவும், மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டமன்றத்துக்கு இலேன் நோபிளும் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தனர். சான் பிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோ தெருவில் கேமரா கடை நடத்திய மில்க், 1973, 1975, 1976 என மூன்று முறை போட்டியிட்டுத் தோற்று, 1977 நவம்பரில் நகர மேற்பார்வையாளர் அவைக்கு, நம் வழக்கில் சொன்னால் மாநகராட்சி மன்றத்துக்கு, வென்றார்.

அந்த வெற்றிக்கு இரு காரணங்கள் உண்டு. இரண்டும் இந்திய உள்ளாட்சி அரசியலை அறிந்தவர்களுக்கு எளிதில் விளங்குபவை. அதுவரை நகர் முழுவதும் சேர்ந்து எல்லா உறுப்பினர்களையும் தேர்ந்தெடுத்த முறை மாறி, 1977-இல் வட்டம் வட்டமாகத் தேர்தல் நடந்தது. நகரளவில் சிதறிக் கிடந்த சிறுபான்மை வாக்கு, ஒரு வட்டத்துக்குள் பெரும்பான்மைக்கு அருகில் வந்தது. மற்றொன்று, தொழிலாளர்களோடு அவர் முன்னதாகவே கட்டிய உறவு: கூர்ஸ் பீர் நிறுவனத்துக்கு எதிராக லாரி ஓட்டுநர் சங்கம் புறக்கணிப்பு நடத்தியபோது, தன்பாலீர்ப்பாளர் கூடும் மதுக்கூடங்களில் அந்தப் பீரை நிறுத்தவைத்து, அதற்கு ஈடாகச் சங்கத்தின் வழியே தம் மக்களுக்கும் ஓட்டுநர் வேலை தர வேண்டும் என்று கேட்டார். அடையாளத்தின் பெயரால் வாக்குக் கேட்கும் முன், பிறர் போராட்டத்துக்குத் தோள் கொடுத்திருந்தார் என்பதே இதன் பொருள்.

1978 ஜனவரியில் பதவியேற்ற அவர் இயற்றிய சட்டங்களில் ஒன்று, வேலை, வீட்டு வாடகை ஆகியவற்றில் பாலீர்ப்பின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்தது. அவையில் அதை எதிர்த்து வாக்களித்தவர் ஒரே ஓர் உறுப்பினர்தான். நகரவாசிகள் பலருக்கும் அவர் பெயரைக் கொண்டுசேர்த்ததோ வேறொரு சட்டம்: தெருவில் நாய் இடும் கழிவை அதன் உரிமையாளரே அள்ள வேண்டும் என்ற விதி. முன்னோடிகளைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் புன்னகையோடு கடந்துவிடும் இந்த இரண்டாவது சட்டம், சமவுரிமை வரலாற்றில் முதலாவதற்குச் சற்றும் குறையாத இடம் பெறத்தக்கது. நாய் வளர்ப்பவர்களும் வளர்க்காதவர்களும் தங்கள் தெருவின் அருவருப்பு ஒன்றைத் தீர்த்தவராக ஒரு தன்பாலீர்ப்பாளரை அறிந்துகொண்டது அதன் வழியேதான். அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, தன்பாலீர்ப்பாளர்களையும் அவர்களை ஆதரிப்போரையும் கலிபோர்னியாவின் அரசுப் பள்ளி ஆசிரியர் பணியிலிருந்து விலக்க முயன்ற ஆறாவது முன்மொழிவு, பொது வாக்கெடுப்பில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. அடுத்த 20 நாளில், நவம்பர் 27 அன்று, மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியும் மில்க்கும் நகர அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டவர், பாகுபாட்டுத் தடைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த அதே முன்னாள் உறுப்பினர். மில்க் பதவியில் இருந்தது ஏறத்தாழ 11 மாதம்.

கட்னி தந்த பாடம்

இந்தியாவில் இவ்வரலாறு தன்பாலீர்ப்பாளரிடமிருந்து தொடங்காமல் திருநங்கையரிடமிருந்து தொடங்கியது. 1998-இல் அமைந்த மத்தியப் பிரதேசச் சட்டமன்றத்தின் காலத்தில், ஷாடோல் மாவட்டத்தின் சோஹாக்பூர் தொகுதியிலிருந்து ஷப்னம் மௌசி சுயேச்சையாக வென்று, நாட்டின் முதல் திருநங்கை சட்டமன்ற உறுப்பினரானார். அதே காலத்தில் கட்னி நகரின் மேயராகக் கமலா ஜானும், உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் மேயராக ஆஷா தேவியும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பிள்ளையோ குடும்பமோ இல்லாதவர் யாருக்காகச் சொத்துச் சேர்க்கப் போகிறார் என்ற பேச்சு அந்த வெற்றிகளுக்குத் துணைநின்றது. ஊழல் அரசியல்வாதிகள் மீதான வெறுப்பு அவர்களுக்கு வாக்காயிற்று. ஆனால், குடும்பம் மறுக்கப்பட்ட ஒருவரின் இழப்பையே அவருடைய தகுதியாக எண்ணிய அந்த வாக்கில் சமத்துவம் முழுமையாக இருந்தது என்று சொல்வதற்கில்லை.

கமலா ஜானின் பதவிக்கு நேர்ந்தது இன்னும் கூர்மையான பாடம். கட்னி மேயர் பதவி பெண்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அவர் பெண் அல்லர், ஆண் என்று கூறித் தேர்தலை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் அவர் பதவி பறிபோனது. மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றமும் 2003-இல் அம்முடிவை உறுதிசெய்தது. ஆஷா தேவியின் பதவியும் இதே காரணத்தால் வழக்குக்குள்ளானது. மக்கள் வாக்குப்பெட்டியில் அளித்த ஏற்பை, பாலினம் என்ற ஒற்றைக் கட்டத்தைக் கொண்ட வேட்புமனுப் படிவம் திரும்ப எடுத்துக்கொண்டது.

ஆயினும் அந்தத் தோல்வி வீணாகவில்லை. 2009-இல் தேர்தல் ஆணையம் வாக்காளர் படிவத்தில் ஆண், பெண் என்ற கட்டங்களோடு பிறர் என்ற கட்டத்தையும் சேர்த்தது. 2014 தீர்ப்புக்குப் பிறகு சட்டத்தின் நிலம் மாறியது. 2015 ஜனவரியில் சத்தீஸ்கரின் ராய்கர் மேயராக மது கின்னர் வென்றார். மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் மாவட்டத்தில், பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சி வார்டில் அஞ்சலி பாட்டீல் என்ற திருநங்கை தாக்கல் செய்த வேட்புமனு நிராகரிக்கப்பட்டபோது, பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு 2021 ஜனவரியில், பெண்ணாகத் தம்மை அறிவித்துக்கொண்டவர் பெண்ணுக்குரிய இடத்தில் போட்டியிடலாம் என்றது. அவர் போட்டியிட்டு வென்றார். கமலா ஜானுக்கு மூடப்பட்ட அதே கதவு, 18 ஆண்டுகளுக்குப் பின் இன்னொருவருக்குத் திறந்தது. 2025 ஜூனில் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம், கணவர் வீட்டுக் கொடுமைக்கு எதிரான 498ஏ பிரிவின் கீழ்த் திருநங்கையும் பெண்ணாகவே புகார் அளிக்கலாம் என்று கூறியதை இதே கோட்டின் நீட்சியாகக் கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தக் கோடு கீழ்மட்டத்தில் தொடங்கியது. 2014 மக்களவைத் தேர்தலில் மதுரையில் பாரதி கண்ணம்மா சுயேச்சையாக நின்றபோது அது அடையாளப் போட்டியாகவே பார்க்கப்பட்டது. 2020 ஜனவரியில், திருச்செங்கோடு ஊராட்சி ஒன்றிய உறுப்பினராகத் திமுக சார்பில் ரியா வென்றார். 2022 பிப்ரவரி 22 அன்று எண்ணப்பட்ட நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில், வேலூர் மாநகராட்சியின் 37-வது வார்டில் அதே கட்சியின் கங்கா சொற்ப வாக்கு வித்தியாசத்தில் வெற்றிபெற்றார். வேலூரும் சித்தூரும் ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவில் உள்ள ஊர்கள். சித்தூரிலிருந்து சிகிச்சைக்கும் சந்தைக்கும் படிப்புக்கும் அன்றாடம் சென்றுவருவோர் பலருக்கு வேலூர் அயலூர் அன்று. அந்த நகரின் ஒரு வட்டத்தில் கழிவுநீர்க் கால்வாய் அடைத்தாலோ தெருவிளக்கு எரியாவிட்டாலோ குடிநீர் வராவிட்டாலோ மக்கள் கதவைத் தட்டும் இடம் ஒரு திருநங்கையின் வீடாக ஆனது என்பது, எந்தச் சட்டப் பிரிவாலும் விளைவிக்க முடியாத மாற்றம். ரியாவும் கங்காவும் சுயேச்சைகளாக வராமல், வெல்லும் வாய்ப்புள்ள ஒரு பெரிய கட்சியின் சின்னத்தில் வந்தார்கள் என்பதும் ஷப்னம் மௌசியின் காலத்திலிருந்து ஒரு படி முன்னேற்றமே.

வெளியே தெரியாதவர்கள்

திருநங்கையர் இவ்வாறு வாக்குச்சீட்டில் இடம்பெற்றிருக்க, தம்மை வெளிப்படுத்திக்கொண்ட தன்பாலீர்ப்பாளர்களைத் தேர்தல் களத்தில் காண்பது அரிதினும் அரிது. 2024 ஆகஸ்ட்டில் சரத் பவார் தலைமையிலான தேசியவாத காங்கிரஸ் கட்சி, அனிஷ் கவாண்டேயைத் தேசியச் செய்தித் தொடர்பாளராக நியமித்தபோது, பெரிய கட்சி ஒன்றில் அப்பொறுப்பை வகிக்கும் முதல் வெளிப்படையான தன்பாலீர்ப்பாளர் என்று அவர் குறிப்பிடப்பட்டார். பால்புதுமையர் குறித்து அரசியல்வாதிகள் பேசியதையெல்லாம் தொகுத்துப் பொதுவில் வைத்த பிங்க் லிஸ்ட் இந்தியா என்ற ஆவணத் தொகுப்பை 2019-இல் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அரசியல்வாதிகள் சொன்னதைப் பதிவுசெய்தவர், ஐந்தாண்டுகளில் கட்சியின் சார்பில் சொல்பவரானார். ஆயினும் அது கட்சி தந்த பொறுப்பு. வாக்காளர் தந்த பதவி அன்று.

இந்த இடைவெளிக்குக் காரணங்கள் உண்டு. திருநங்கையரால் மறைந்து வாழ இயலாது. அவர்களைச் சமூகம் விலக்கினாலும் அறிந்திருக்கிறது, ஓரிடத்தை, தாழ்ந்த இடமேயானாலும், ஒதுக்கியிருக்கிறது. தன்பாலீர்ப்பாளரோ மறைக்க முடிந்தவர் என்பதாலேயே மறைக்க நிர்ப்பந்திக்கப்படுகிறார். வேட்பாளரின் குடும்பமும் சாதியும் உறவுக்கட்டும் சேர்ந்தே வாக்குக் கேட்கும் மண்ணில், திருமணம் என்பது தனிவாழ்வு மட்டுமன்று, அரசியல் மூலதனமும்கூட. வேட்புமனுவோடு இணைக்கும் உறுதிமொழிப் பத்திரத்தில் வேட்பாளர் தம் வாழ்க்கைத் துணையின் சொத்து, கடன், வருமானத்தைத் தனிப்பத்தியில் காட்ட வேண்டும்; இருபது ஆண்டு உடன் வாழ்ந்தவராயினும் ஒரே பாலினத் துணைக்கு அப்பத்தியில் சட்டப்படி இடமில்லை. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம், திருமணம் அடிப்படை உரிமை அன்று எனக் கூறி, அத்தகைய இணைகளின் நலன்களை ஆராய ஒரு குழு அமைக்கும் பொறுப்பை அரசிடம் விட்டது. அதன் தொடர்ச்சியாக 2024-இல் குடும்ப அட்டையில் ஒரே குடும்பமாகக் கொள்வது, கூட்டு வங்கிக் கணக்குத் தொடங்குவது போன்ற விளக்கங்கள் வந்தன. எஞ்சியவற்றை முடிவுசெய்யும் இடம் மீண்டும் நாடாளுமன்றமே.

இடையில் மனுக்கள் தொடர்கின்றன. 2024 டிசம்பரில் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம், பெற்றோரால் அடைத்துவைக்கப்பட்ட ஒரு பெண்ணை அவர் விரும்பிய பெண் துணையோடு வாழ அனுமதித்தது. 2025 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம், வேலூர் மாவட்டக் காவல் துறையை எதிர்மனுதாரராகக் கொண்ட ஓர் ஆட்கொணர்வு மனுவில், அதாவது சட்டவிரோதமாக அடைத்துவைக்கப்பட்டவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்தக் கோரும் மனுவில், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியன்று என்றும், தாமே தேர்ந்துகொள்ளும் குடும்பம் என்ற கருத்தைச் சட்டம் ஏற்கிறது என்றும் கூறியது. இவ்விரு வழக்குகளிலும் உயர் நீதிமன்றம்வரை செல்ல வழக்கறிஞரும் பணமும் துணிவும் வாய்த்தவர்களே மீண்டார்கள். காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசி, வயதுவந்த பெண்ணைப் பெற்றோரோடு அனுப்ப வேண்டியதில்லை என்று சொல்லும் ஒரு கவுன்சிலரோ மண்டல உறுப்பினரோ அந்த ஊரில் இருந்திருந்தால், நள்ளிரவில் தீர்ந்திருக்கக்கூடிய சிக்கல்கள் அவை.

திருவிழாவும் பேருந்துச் சீட்டும்

பண்பாட்டில் இடம் இருக்கிறதே, அது போதாதா என்ற கேள்வி இப்பகுதியில் இயல்பாக எழும். திருப்பதியில் மே மாதத்தில் ஒரு வாரம் நடக்கும் தாதய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரையில், ஆண்கள் நேர்த்திக்கடனாகச் சேலை கட்டி, வளையலும் பூவும் அணிந்து, அம்மன் சந்நிதிக்கு வருவதை ஊர் பக்தியோடு பார்க்கிறது. கொடுமை செய்த பாளையக்காரனைத் தேடி அம்மன் வேடம் மாற்றிக்கொண்டு திரிந்த கதையின் நினைவாக நடப்பது அது. 2024-இல் வெளியான புஷ்பா 2 திரைப்படத்தால் நாடெங்கும் அறியப்பட்டது. பாலின எல்லையைக் கடப்பதில் தெய்வத்தன்மை காணும் மரபு இம்மண்ணில் உண்டு என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஆனால் அந்த ஏற்பு நாள் குறித்து வருவது. வேடம் கலைந்தபின் வீடு திரும்புகிறவருக்கு உரியது. வேடமாக அன்றி வாழ்வாகவே சேலை உடுத்தவருக்கு, ஜாத்திரை முடிந்த மறுநாள் வாடகைக்கு வீடு கிடைப்பதற்கு அந்தப் பக்தி பொறுப்பேற்பதில்லை.

நலத்திட்டங்கள் இருக்கின்றனவே என்ற வாதமும் பாதி உண்மையே. தமிழ்நாட்டில் 2008-இலேயே திருநங்கையர் நல வாரியம் அமைந்தது. நீதிமன்றம் சொல்லும் முன் ஓர் அரசு தானாகச் செய்த அரிய செயல் அது. 2021 முதல் அங்கே சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களோடு திருநங்கையரும் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். ஆந்திரத்தில் 2024 ஜூலை முதல் திருநங்கையரின் மாத ஓய்வூதியம் 4,000 ரூபாயாக உயர்ந்தது. 2025 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய ஸ்த்ரீ சக்தி திட்டத்தில் அவர்களுக்கும் கட்டணமில்லாப் பயணம் உண்டு. ஆனால் ஸ்த்ரீ சக்தி மாநிலங்களுக்கிடையே ஓடும் பேருந்துகளுக்குப் பொருந்தாது. தமிழ்நாட்டின் சலுகையும் எல்லையோடு நின்றுவிடும். தடாவில் வாழ்ந்து, மருத்துவத்துக்கோ தோழியரைக் காணவோ ஆரம்பாக்கத்தைத் தாண்டிக் கும்மிடிப்பூண்டிக்கோ சென்னைக்கோ செல்லும் ஒரு திருநங்கைக்கு, ஒரே நெடுஞ்சாலையில் சில கிலோமீட்டர் இடைவெளியில் அடையாள அட்டையின் பொருளே மாறிவிடுகிறது. ஒரு மாநில வாரியத்தின் அட்டை அடுத்த மாநிலத்தின் திட்டத்துக்குச் செல்லாது. திட்டத்தை வகுத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை. எல்லையைக் கடந்தே உறவும் பிழைப்பும் அமைந்த வாழ்க்கையை அறிந்த ஒருவர், திட்டம் எழுதப்பட்ட அறையில் இருக்கவில்லை.

எண்ணிக்கை என்னும் மறுப்பு

இவர்கள் எண்ணிக்கையில் மிகச் சிலர், சிலருக்காகத் தனிப் பிரதிநிதித்துவம் எதற்கு என்று கேட்கப்படுகிறது. 2011 கணக்கெடுப்பில் பிறர் என்ற பிரிவில் நாடு முழுவதும் பதிவானவர்கள் 4,87,803 பேர். அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 43,769, தமிழ்நாட்டில் 22,364. மறைந்து வாழ்வோரைச் சேர்க்காத எண்ணிக்கை இது. எண்ணிக்கை வாதத்துக்குப் பதிலளிக்கச் சித்தூர், திருப்பதி மாவட்டத் தமிழர்களைவிடத் தகுதியானவர்கள் குறைவு. இரு மாநில எல்லை குறித்த படாஸ்கர் தீர்வின்படி 1960-இல் திருத்தணி ஒரு பக்கமும் சத்தியவேடு மறுபக்கமுமாக எல்லை வகுக்கப்பட்டபின், மாநிலத்தின் மொத்த மக்கள்தொகையில் ஒரு துளியாகிவிட்ட இவர்கள், தமிழ்வழி வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டுமென்றாலும் பெரும்பான்மையின் பரிவை எதிர்பார்த்தே இருக்க வேண்டிய நிலையை அறிவார்கள். தம் மொழி பேசும் ஒருவர் மன்றத்தில் இருப்பதற்கும், தம்மீது அன்புகொண்ட வேறொருவர் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் அறிவார்கள். சிறுபான்மையின் குறையைப் பெரும்பான்மை புரிந்துகொள்ளாதது பகையால் அன்று, அக்குறை அதன் கண்ணில் படுவதில்லை என்பதால்தான்.

இன்னொரு மறுப்பு சற்றுக் கனமானது: அடையாளத்தால் பதவிக்கு வந்தவர் அந்த அடையாளத்துக்கு மட்டுமே உழைப்பார், அல்லது கட்சி காட்சிக்கு வைக்கும் பொம்மையாவார் என்பது. பெண்களுக்கு உள்ளாட்சியில் ஒதுக்கீடு வந்தபோதும் இதே ஐயம் எழுந்தது; கணவர் கையெழுத்திடும் தலைவர்கள் இருந்தது உண்மை, இன்றும் உண்டு. ஆயினும் தலைமுறை ஒன்று கடந்தபின், ஆந்திரமும் தமிழ்நாடும் பெண்களின் பங்கைச் சரிபாதியாக உயர்த்தினவேயன்றிக் குறைக்கவில்லை. மில்க்கின் நாய்க் கழிவுச் சட்டம் இந்த மறுப்புக்கு மற்றொரு விடை.

செய்யக்கூடியவை

இதற்கு அரசியலமைப்புத் திருத்தம் தேவை என்று எண்ண வேண்டியதில்லை. ஊராட்சிகளுக்கான 243டி பிரிவின் ஆறாவது உட்பிரிவும், நகராட்சிகளுக்கான அதற்கு இணையான பிரிவும், பின்தங்கிய வகுப்பினருக்கு உள்ளாட்சியில் இடம் ஒதுக்கும் அதிகாரத்தை மாநிலச் சட்டமன்றங்களுக்கே அளிக்கின்றன. திருநங்கையர் பின்தங்கிய வகுப்பாகக் கருதத்தக்கவர் என்று 2014-இல் உச்ச நீதிமன்றமே கூறியிருப்பதால், உரிய ஆணையத்தின் தரவு கொண்டு, சாதிவாரி ஒதுக்கீடுகளுக்குக் குறுக்கே செல்லும் கிடைமட்ட ஒதுக்கீடாக, அதாவது ஒவ்வொரு சாதிப் பிரிவின் பங்குக்குள்ளும் ஒரு சிறு பங்காக, இதை வகுப்பதற்கு வழி உண்டு. வேலைவாய்ப்பில் கர்நாடகம் 2021-இல் 1 விழுக்காட்டை இவ்வாறே ஒதுக்கியது. அதுவரை காத்திருக்க விரும்பாவிட்டால், 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களில் உறுப்பினர்களாக நியமிக்கக் கொண்டுவந்த ஏற்பாடு முன்மாதிரியாக இருக்கிறது. அதே சட்ட வரியில் பால்புதுமையரையும் சேர்ப்பதற்கு ஆந்திரத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் தடையில்லை.

தன்பாலீர்ப்பாளருக்கு ஒதுக்கீட்டைவிட முதலில் வேண்டியது அச்சமின்மை. வட்டக் கிளை, ஒன்றியக் கிளை மட்டத்திலேயே அவர்களுக்குப் பொறுப்பளிப்பதும், எதிர்க்கட்சி வேட்பாளரின் தனிவாழ்வைக் கேலிக்குரியதாக்கும் மேடைப்பேச்சைத் தம் பேச்சாளர்களுக்குத் தடைசெய்வதும் கட்சிகள் பணமின்றிச் செய்யக்கூடியவை. கவாண்டேயின் நியமனத்துக்கு ஒரு கடிதம் போதுமாயிருந்தது.

முன்னோடி அரசியலரின் தாக்கத்தை அவர் நிறைவேற்றிய சட்டங்களை எண்ணி அளக்கும் பழக்கம் உண்டு. அந்த அளவுகோலின்படி 11 மாதம் இருந்த மில்க்கும், பதவி பறிக்கப்பட்ட கமலா ஜானும், ஒரு வட்டத்தைக் கவனிக்கும் கங்காவும் சிறியவர்களாகவே தெரிவார்கள். ஆனால் வேலூரின் 37-வது வார்டில், தன் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லக் காலையில் வந்து நிற்கும் ஒருவர், தாம் யாரிடம் சொல்கிறோம் என்பதைப் பற்றிச் சிந்திப்பதேயில்லை. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்பதே அவர் கேள்வி. தடாவிலோ திருப்பதியிலோ ஒரு மன்ற உறுப்பினரின் வாசலில் அதே கேள்வி அதே அலட்சியத்தோடு கேட்கப்படும் காலை இன்னும் வரவில்லை.